சப்த கன்னியர் மலை சொல்லும் பாடம்

1974 டிசம்பர் 4. சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 இந்தோனேசியரும் 9 பணியாளர்களும் சென்ற விமானம், கொழும்பை நெருங்குகையில் நமது மஸ்கெலியாப் பகுதியின் சப்த கன்னியர் மலையில் மோதியது. ஒருவரும் தப்பவில்லை. தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்த விமானிகள் முன்கூட்டியே கீழிறங்கிவிட்டனர்.

1978 நவம்பர் 15இல், ஹஜ் முடித்துத் திரும்பியவர்களின் விமானம் கட்டுநாயக்க அருகே வீழ்ந்தது. 183 பேர் மரணித்தனர்.

முதலாவது நெதர்லாந்து விமானம், மற்றையது ஐஸ்லாந்தினுடையது. நம் வானில் பறப்பதைப் பரிசோதிப்பவர் வேறு நாட்டவர். சிறிய நாடுகளுக்கோ போதிய பரிசோதகர்கள் கிடைப்பதில்லை. 1990களின் இறுதியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு ஆகியன 'கொஸ்கெப்' திட்டத்தில் இணைந்து, பரிசோதகர்களையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின.

அரசியலில் முரண்பட்டாலும் இந்த ஒற்றுமை தொடர வேண்டும். உம்ராவுக்குப் புறப்படும் நாம் அந்த ஹாஜிகளுக்காகவும் துஆச் செய்வோம்.