நாடகம் படிக்க இருபத்தொரு வயது

பங்குனி பிறந்துவிட்டால் கண்டாச்சிபுரம் வட்டாரத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். விடியும்வரை உட்கார்ந்து பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், திரைக்குப் பின்னால் எப்போதும் இரண்டொரு சிறுவர்கள் இருப்பார்கள். வாத்தியாருக்குச் சலங்கை கட்டிவிடுவார்கள், அரிதாரம் குழைத்துக் கொடுப்பார்கள், பின்பாட்டில் குரல் சேர்ப்பார்கள். பிறகு ஒருநாள் சின்ன வேடம், பெரும்பாலும் பெண் வேடம் கிடைக்கும். திரை விருத்தம் பாடி வெளியே வந்து அர்ச்சுனனாகச் சுழன்று ஆடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் முழு இரவையும் தாங்கும் தொண்டையும் காலும் அவனுக்கு அமைந்துவிடும். இந்தக் கல்விக்குப் பட்டமில்லை, சான்றிதழும் இல்லை.

இதே ஊர்ப் பிள்ளை ஒருவன் பிளஸ் டூ முடித்துவிட்டு நாடகத்தை முறையாகப் படிக்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரத்தில் பேருந்து மாறினால் புதுச்சேரி. அங்கே மத்தியப் பல்கலைக்கழகத்தில், 1988இல் இந்திரா பார்த்தசாரதியை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் நாடகம் அங்கே முதுகலைப் படிப்பாகவே வந்தது. பிள்ளை முதலில் வணிகவியலோ வரலாறோ மூன்று ஆண்டு படித்து, எதிலாவது ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு, இருபத்தொரு வயதில் வரவேண்டும்.

அந்தப் பள்ளி தாங்கி நிற்கும் பெயரை நினைத்தால் இதிலுள்ள முரண் நம்மை உறுத்துகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது சேர்த்துக்கொண்டது சிறுவர்களை. பின்னாளில் அவ்வை சண்முகம் என்று அறியப்பட்ட தி.க. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளைக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் மறக்காத செய்தி. 1922இல் புதுச்சேரியில்தான் சுவாமிகள் மறைந்தார். பள்ளிக்கு அவர் பெயர் பொருத்தமானதே. ஆனால் அவருடைய மாணவர்கள் எவரும் அந்தப் பள்ளியின் நுழைவு வயதைத் தொட்டிருக்க மாட்டார்கள்!

விழுப்புரத்துக்கும் இதில் பங்குண்டு. வி.சி. கணேசன் என்ற பெயரின் முதல் எழுத்து இந்த ஊர்தான். 1928இல் பிறந்த அவர் சின்னஞ்சிறு வயதிலேயே வீட்டை விட்டு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார். சீதையாக வேடம் கட்டினார். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தபோது ஊரே வியந்த அந்த உச்சரிப்புக்கும் மூச்சுக்கும் பின்னால் இருந்தது பாய்ஸ் கம்பெனியின் பயிற்சி. பாய்ஸ் கம்பெனியை நாம் போற்றிப் பாட வரவில்லை. பிரம்படியும் பள்ளிப் படிப்பின் இழப்பும் அதன் மறுபக்கம். அந்த முறை ஒழிந்தது நல்லதே. அது ஒழிந்தபின் அந்த வயதுக்கு உரிய இடத்தில் எதை வைத்தோம் என்பதுதான் நம் கேள்வி.

மலையாளிகள் ஒன்றை வைத்தார்கள். 1967இல் சாஸ்தாம்கோட்டையில் நாடகக் களரியை நடத்திய ஜி. சங்கரப் பிள்ளை, பத்தாண்டு கழித்து, 1977இல், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியைத் திருச்சூரில் நிறுவினார். அங்கே நாடகம் இளங்கலைப் பட்டமாகவே கற்பிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் காந்திகிராமத்திலும் நாடகப் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. நவீன தமிழ் நாடகத்தின் பல குழுக்களுக்கு அவை ஊற்று. ஆனால் அவை சில வாரங்களில் முடிந்து போகிறவை. பட்டறைகளை வழிநடத்திய சே. இராமானுஜம் தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். அவர் திருச்சூரில் சங்கரப் பிள்ளையோடு பணியாற்றிய பிறகே தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்கு வந்தார். 1981இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகமோ ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்டது. ஆக, நம்மிடம் நாடகக் கல்வி மேலிருந்து கீழ்நோக்கி வந்தது: முதலில் ஆய்வு, பிறகு முதுகலை. பதினெட்டு வயதுக்காரனை அது எட்டவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

தமிழில் அது நிகழ்ந்த இடம் கடலுக்கு அப்பால். பேராதனையின் சரச்சந்திரா 1956இல் 'மனமே'யை மேடையேற்றிச் சிங்கள நாடகத்துக்கு ஒரு முகம் தந்தார். அதே வளாகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அறுபதுகளின் ஆக்கங்கள். அவற்றில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து முனைவரானார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 'நாடகமும் அரங்கியலும்' அங்கே உயர்தரப் பள்ளிப் பாடம். பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பாடம். பாடம் இருப்பதால் ஆசிரியர் வேலை இருக்கிறது, வேலை இருப்பதால் மாணவர் வருகிறார்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் அறுபடாமல் சுழன்ற சக்கரம் இது. இங்கே நாடகத் துறை தொடங்கச் சொன்னால் முதலில் கேட்கப்படுவது 'படித்தவனுக்கு வேலை என்ன' என்பதுதான். ஈழத்தார் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தீர்த்துக்கொண்டார்கள்.

வடதமிழகத்திலும் ஒரு முயற்சி நடந்தது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் கட்டைக்கூத்துக் குருகுலத்தை நடத்தினர். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின் கீழ். பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். பாய்ஸ் கம்பெனி பறித்துக்கொண்டதை எல்லாம் திருப்பிக் கொடுத்த ஏற்பாடு என்றே அதை நாம் கருதுகிறோம். 2020இல் அது மூடப்பட்டது. அங்கே பள்ளி முடித்த பிள்ளை, மேற்கொண்டு அடவையும் பாட்டையும் பட்டப்படிப்பாகத் தொடர நினைத்திருந்தால், அவனும் வணிகவியலோ வரலாறோ படித்துவிட்டுத்தான் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறியிருக்க வேண்டும்.