மாற்றிய சிறுநீரகமும் மாறாத நோயும்

எங்கள் புசல்லாவைக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு, 1984 டிசெம்பரில் அமெரிக்காவின் புரூக்ளினில் சிறுநீரகம் மாற்றப்பட்டது. தானமளித்தவர் அண்ணன் மகள் லீலாவதி. மாற்றிவிட்டால் நோயே போய்விடும் என்ற நம்பிக்கை எங்கள் மலையகத்தில் பலருக்கும் உண்டு.

அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை இத்துறையின் முதல் வெற்றியே காட்டிவிட்டது. 1954 டிசெம்பர் 23இல் பொஸ்டனில் வைத்தியர் ஜோசப் மறே, ரிச்சர்ட் ஹெரிக்குக்கு அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டின் சிறுநீரகத்தைப் பொருத்தினார். உருவொத்த இரட்டையர் ஆதலால் உடல் அதனை நிராகரிக்கவில்லை. ரிச்சர்ட் தம்மைப் பராமரித்த தாதியையே மணந்தார். இரு குழந்தைகளுக்குத் தந்தையுமானார். ஆனால், பழைய சிறுநீரக அழற்சி புதிய உறுப்பையும் பற்றிக்கொண்டது. 1963இல் அவர் மறைந்தார்.

நிராகரிப்பே நிகழாத உடல் என்பதால்தான், திரும்பி வந்தது பழைய நோய் என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது. இத்தகைய அழற்சிகளின் வேர் பெரும்பாலும் சிறுநீரகத்தில் அல்ல, நோயெதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது. நீரிழிவும் அப்படித்தான், கட்டுப்படுத்தாவிடில் வந்த உறுப்பையும் அரிக்கும். ஆகவே, நலமாக இருக்கிறோம் என்று எண்ணி கிளினிக் போவதை நிறுத்துவோர்மீது எனக்குக் கோபமே வருகிறது. சிறுநீரில் புரதம் கசிவதை முதலில் காட்டுவது அங்கு செய்யும் எளிய பரிசோதனைதான்.

கொடுத்த ரொனால்டோ, எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்துடன் 2010 வரை வாழ்ந்தார்.