கணினித் திரையின் ஒளியும் நிறமும்: பெங்களூரு வழியாக ஒரு வரலாறு

கணினித் திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்ப்பவரின் கண்ணுக்கும், அறையின் ஒளிக்கும், செய்யும் வேலைக்கும் பொருந்த அமைத்துக்கொள்வது திரைச் சீரமைப்பு எனப்படும். வெளிச்சத்தின் அளவு, கருமையின் ஆழம், வெள்ளையின் சாயல், இடைப்பட்ட நிறங்களின் அழுத்தம் ஆகிய நான்கும் இதில் அடங்கும். தொடக்கத்தில் மானிட்டரின் திருகுகளோடு முடிந்த இந்த வேலை, 1990களிலிருந்து மெல்ல மெல்ல இயங்குதளங்களின் பொறுப்பாக மாறியது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இதை வெவ்வேறு வழிகளில் செய்கின்றன.

பெங்களூரு இன்று மென்பொருள் நகரமாகவே அறியப்படுகிறது. ஆனால் திரை என்ற பொருளின் வரலாற்றில் அந்நகரின் பங்கு மென்பொருளுக்கு முந்தியது. நிறத்தைக் கண் எப்படி அறிகிறது என்ற ஆய்வும், திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்தைப் பற்றிய ஒரு முதன்மையான கண்டுபிடிப்பும், வெயிலில் படிக்கத்தக்க திரையோடு வந்த பலகைக் கணினியும் அங்கே பிறந்தவை.

விளக்கும் கணக்கும்

திரையின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கையே குறைப்பது. இதற்குப் பின்னொளிக் கட்டுப்பாடு என்று பெயர். இரண்டாவது, விளக்கைத் தொடாமல், படப்புள்ளிகளுக்குச் செல்லும் எண்களைக் குறைப்பது. பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், விளைவு ஒன்றல்ல.

வழக்கமான திரையில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள் உண்டு. எண்களைப் பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ 128 படிகளே மிஞ்சும். அப்போது வானம், தோல் போன்ற மென்மையான நிற மாற்றங்களில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். பின்னால் விளக்கு முழுதாக எரிந்துகொண்டே இருப்பதால் கருமை ஆழமாவதில்லை, மின்சாரமும் மிச்சமாவதில்லை. விளக்கைக் குறைத்தால் 256 படிகளும் அப்படியே இருக்கும், கறுப்பும் சேர்ந்து ஆழமாகும், பேட்டரியும் நீடிக்கும். ஓஎல்இடி திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இயங்குதளங்களில் ஒளிச் சீரமைப்பின் வரலாறு, பெரும்பாலும் இந்த இரு வழிகளில் எது எங்கே கிடைத்தது என்பதன் வரலாறுதான்.

படக்குழாய்க் காலம்

பழைய படக்குழாய் மானிட்டரில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என இரு திருகுகள் இருந்தன. பெயர்கள் பலரைக் குழப்பின. பிரைட்னஸ் திருகு உண்மையில் கருமையின் அளவையும், கான்ட்ராஸ்ட் திருகு வெள்ளையின் உச்சத்தையும் அமைத்தன. எல்சிடி மானிட்டர்கள் வந்தபின் பிரைட்னஸ் என்ற அதே சொல் பின்னொளியைக் குறிக்கத் தொடங்கியது. தொலைக்காட்சிகளிலோ அச்சொல்லுக்குப் பழைய பொருளே நீடித்ததால், பின்னொளிக்கு வேறு பெயர் தரப்பட்டது.

படக்குழாய்க்கு இன்னொரு இயல்பும் இருந்தது. மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் வெளிச்சம் இருமடங்காவதில்லை. நான்கு மடங்குக்கும் மேலாக ஏறும். இந்த வளைவுக்குக் காமா என்று பெயர். படக்குழாய்கள் மறைந்த பின்னும் காமா நிலைத்துவிட்டது. இருண்ட நிறங்களிடையே உள்ள சிறு வேறுபாட்டையும் கண் நுட்பமாக அறியும். 256 படிகளில் அதிகமானவற்றை அந்த இருண்ட பகுதிக்கு ஒதுக்க இந்த வளைவு உதவியதே அதற்குக் காரணம்.

1954ல் நிறுவப்பட்டு பெங்களூரு ஜாலஹள்ளியில் வளர்ந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் படக்குழாய்களைத் தயாரித்தது. திரைப் பொருளோடு நகரத்துக்கு ஏற்பட்ட தொழில் தொடர்புகளில் அது முக்கியமானது.

ராமனும் நிறம் காணும் கண்ணும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ல் பிறந்த சி. வி. ராமன், இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1948ல் பெங்களூரில் தம் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். வாழ்நாளின் கடைசிப் பகுதியை மலர்கள், மணிக்கற்கள், மனிதக் கண் ஆகியவற்றின் நிறங்களை ஆராய்வதில் கழித்தார். நிற வடிகட்டி ஒன்றின் வழியே ஒளிமிக்க வெண்திரையை உற்றுப் பார்த்து, வடிகட்டியைச் சட்டென்று விலக்கும்போது திரையில் தோன்றும் காட்சியைக் கொண்டு தம் விழித்திரையைத் தாமே ஆராய்ந்தார். இந்த ஆய்வுகளின் தொகுப்பான ‘தி ஃபிசியாலஜி ஆஃப் விஷன்’ என்ற நூல் 1968ல் வெளிவந்தது. மூன்று அடிப்படை நிறங்களைக் கொண்டு பார்வையை விளக்கும் கோட்பாட்டை அதில் அவர் மறுத்தார். அந்த மறுப்பை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் மேல்தான் வண்ணத் திரைகள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் நிறத்தை விளக்கில் மட்டும் தேடாமல் கண்ணிலும் தேட வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறை திரைச் சீரமைப்புக்கும் பொருந்துவது.

அதே நிலையத்தில் பணியாற்றிய எஸ். பஞ்சரத்னம், 1955ல் மூன்று படிகத் தகடுகளை அடுக்கி, பல நிறங்களுக்கும் ஏறத்தாழ ஒரேபோல வேலை செய்யும், ஒளியின் அதிர்வை ஒழுங்குபடுத்தும் முனைவாக்கக் கருவியை வடிவமைத்தார். தனித்தகடு ஒரு நிறத்துக்கே சரியாக அமையும். அடுக்கினால் அந்தக் குறை நீங்கும் என்பதே அதன் அடிப்படை. எல்சிடி திரையும் முனைவாக்கித் தாள்களுக்கு இடையே அமைந்த ஓர் அடுக்குதான்.

திரவப் படிகம்: நாணய அடுக்கு

ராமன் பிறந்த அதே 1888ல், பிராகா நகரில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் திரவப் படிக நிலையைக் கண்டார். திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகத்தைப்போல ஒருமுகமாக நிற்கும் நிலை இது. அதன்பின் நெடுங்காலம் அறியப்பட்ட திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் எல்லாம் குச்சி வடிவில் இருந்தன.

1977ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோர், வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினர். அந்தத் தட்டுகள் நாணயங்களை அடுக்கியதுபோல் தூண்களாக நின்றன. கட்டுரை ‘பிரமாணா’ என்ற இந்திய இதழில் வெளிவந்தது. இந்தச் சந்திரசேகர் ராமனுடைய சகோதரியின் மகன், பஞ்சரத்னத்தின் உடன்பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன்.

அடிப்படை ஆய்வாகத் தொடங்கிய இந்தக் கண்டுபிடிப்பு இருபது ஆண்டுகளுக்குள் மேசை மீது வந்தது. அன்றைய மலிவான எல்சிடி திரைகளை நேராகப் பார்த்தால் நிறம் சரியாக இருக்கும். சற்றுச் சாய்ந்து பார்த்தால் வெளிறும், சில கோணங்களில் தலைகீழாகவும் மாறும். கண்ணாடிக்கு அருகிலுள்ள குச்சி மூலக்கூறுகள் முழுதாக நிமிராமல் சாய்ந்தே நிற்பதால் ஒளி கசிவதே காரணம். தட்டு மூலக்கூறுகளின் ஒளியியல் பண்பு குச்சிகளுக்கு நேர் எதிரானது. அவற்றைப் பரப்பிய மெல்லிய தாளைத் திரைமேல் ஒட்டினால் அந்தக் கசிவு பெருமளவு ஈடாகிறது. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் 1990களின் நடுவில் இத்தகைய தாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்த இயங்குதளத்தின் அமைப்புப் பக்கத்தாலும் சரிசெய்ய முடியாத கோணக் கோளாறுக்கு, பெங்களூரில் கண்டறியப்பட்ட ஒரு பொருள்வகை மருந்தானது.

1991ல் சந்திரசேகர் திரவப் படிக ஆய்வு மையத்தை ஜாலஹள்ளியில் நிறுவினார். அது பின்னாளில் நானோ, மென்பொருண்ம அறிவியல் மையமாக விரிவடைந்தது.

இயங்குதளங்களில் நிறம்

ஒரே படம் இரு திரைகளில் இரு நிறமாகத் தெரிவது அச்சுத் தொழிலின் பெருந்துன்பமாக இருந்தது. 1993ல் ஆப்பிள், மேக் கணினிகளுக்கு கலர்சிங்க் என்ற நிற மேலாண்மையைத் தந்தது. அதே ஆண்டு ஆப்பிள், அடோபி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. ஒவ்வொரு திரைக்கும் அச்சுப்பொறிக்கும் நிற விவரக்கோப்பு ஒன்று இருக்க வேண்டும். அதைப் பார்த்து இயங்குதளம் எண்களை மொழிபெயர்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. விண்டோஸ் 95ல் இந்த வசதி இடம்பெற்றது.

விவரக்கோப்பு இல்லாத படங்களுக்காக 1996ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவையை முன்வைத்தன. வெள்ளைக்கு 6500 கெல்வின் பகலொளிச் சாயல், வெளிச்சத்துக்கு 80 நிட் (ஒளிர்வின் அலகு), காமா ஏறத்தாழ 2.2 என்பன அதன் குறிப்புகள். மேக் கணினிகள் 1.8 என்ற காமாவை நெடுங்காலம் கைக்கொண்டதால், அவற்றில் செய்த படம் விண்டோஸில் இருண்டு தெரிந்தது. 2009ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பில் ஆப்பிளும் 2.2க்கு மாறியது. அதே ஆண்டின் விண்டோஸ் 7, பயனரே படிப்படியாகக் காமாவையும் சாயலையும் அமைக்கும் கருவியை உள்ளடக்கியது. லினக்ஸில் ஆர்கில் என்ற திறமூலத் தொகுப்பும், 2011 முதல் கலர்டி என்ற சேவையும் இப்பணியை ஏற்றன.

பின்னொளி: கட்டளை போகும் பாதை

மடிக்கணினியில் விசையை அழுத்தினால் பின்னொளி குறைகிறது. அதனுடன் இணைத்த வெளி மானிட்டர் அசைவதில்லை. இரண்டுக்கும் பாதைகள் வேறு என்பதே காரணம். மடிக்கணினித் திரையைக் கணினியின் மின்மேலாண்மை அமைப்பு ஆள்கிறது. வெளி மானிட்டருக்கோ 1998ல் வந்த டிடிசி/சிஐ என்ற நெறிமுறை உண்டு. படம் செல்லும் கேபிளிலேயே கட்டளையும் செல்லும். பதினறும எண் 10 வெளிச்சத்துக்கு, 12 கான்ட்ராஸ்ட்டுக்கு. ஆனால் பொதுப் பயனருக்கு இதை எட்டும்படி வைக்க இயங்குதளங்கள் தயங்கின. விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, மேக்கில் மானிட்டர் கன்ட்ரோல், லினக்ஸில் டிடிசியூட்டில் போன்ற தனிச் செயலிகளே அந்த இடைவெளியை நிரப்பின. லினக்ஸின் கேடிஇ மேசைச்சூழல் இதைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது.

லினக்ஸ் கெர்னல், பின்னொளியை ஒரு கோப்பாகவே காட்டுகிறது. கோப்பிலுள்ள எண்ணை மாற்றினால் விளக்கு மாறும். லினக்ஸில் திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையிலும் பிரைட்னஸ் என்ற தெரிவு உண்டு. அது எண்களை மட்டுமே மாற்றுவது, விளக்கைத் தொடாதது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. புதிதாக லினக்ஸுக்கு வருவோர் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

வெளியே வெயிலில்: பெங்களூரின் கைக்கணினிகள்

500 லக்ஸ் (விழும் ஒளியின் அலகு) ஒளியுள்ள அலுவலக மேசையில் வெள்ளைத் தாள் ஏறத்தாழ 125 நிட் அளவுக்கு ஒளிர்கிறது. 300 நிட் திரை அங்கே போதுமானதற்கும் மேல். நடுப்பகல் வெயிலிலோ ஒளி ஒரு லட்சம் லக்ஸை எட்டும். அதே தாள் 25,000 நிட் ஒளிரும். எந்த மடிக்கணினியின் பின்னொளியும் அதை எட்டாது.

கிராமத்துக்கும் வெளிவேலைக்கும் எனப் பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்த லினக்ஸ் கைக்கணினி. 2004ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது, ஒருநிறத் திரை மாதிரிகளும் வண்ணத் திரை மாதிரியும் இருந்தன.

பெங்களூரின் நோஷன் இங்க் நிறுவனம் 2011ல் வெளியிட்ட ஆடம் என்ற ஆண்ட்ராய்டு பலகைக் கணினி வெயிலைச் சமாளிக்கத் தனி வழியைத் தேர்ந்தது. அதன் ஒரு மாதிரியில் மேரி லூ ஜெப்சனின் பிக்சல் சி நிறுவனம் உருவாக்கிய 10.1 அங்குலத் திரை இருந்தது. அறைக்குள் பின்னொளியோடு வண்ணத்தில் காட்டும் அத்திரை, வெயிலில் பின்னொளியை அணைத்தாலும் சூரிய ஒளியையே திருப்பி அனுப்பித் தாள்போலப் படிக்கத் தந்தது. அப்போது நிறம் மங்கும். வெயிலோடு போட்டியிடாமல் வெயிலையே விளக்காக்கிய அந்தக் கருவி சந்தையில் நீடிக்கவில்லை. எண்ணம் மிகச் சரியானது. அது இன்னும் பரவலாகாதது வருந்தத்தக்கது.

இரவு நிறம்

நீல ஒளிக்கு எதிர்வினை தந்து உடலின் இரவு பகல் கடிகாரத்தைத் திருத்தும் தனி உயிரணுக்கள் விழித்திரையில் உள்ளன என்பது 2002ல் உறுதியானது. 2009ல் எஃப்.லக்ஸ் என்ற செயலி மாலையானதும் திரையை மஞ்சள் சாயலுக்கு மாற்றியது. 2016ல் ஐபோன் இதை ஏற்றது. 2017 மார்ச் 22க்கும் ஏப்ரல் 11க்கும் இடையே லினக்ஸின் க்னோம் மேசைச்சூழல், மேக், விண்டோஸ் ஆகிய மூன்றும் இந்த வசதியைத் தம்முள் கொண்டுவந்தன. தூக்கத்துக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. பின்னொளியையும் சேர்த்துக் குறைப்பது கண்ணுக்கு இதம்.

சூரியன் மறையும் நேரத்தைப் பின்பற்றும் தானியங்கி அமைப்பு, லண்டனில் குளிர்காலத்தில் நாலு மணிக்கு முன்பும் கோடையில் ஒன்பது மணிக்குப் பின்பும் தொடங்கும். 13 பாகை வட அகலாங்கில் உள்ள பெங்களூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.50க்கும் இடையே மறைகிறது. ஆகவே அங்கே இடத்தை அறியும் அனுமதியைக் கணினிக்குத் தராமல், ஒரே நிலையான நேரத்தை அமைத்துக்கொண்டாலே போதும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதுவே பொருந்தும்.

இன்றைய நிலை

லினக்ஸின் புதிய காட்சியமைப்பான வேலண்டில், செயலிகள் காமாவை நேரடியாக மாற்றும் பழைய உரிமை பொது நெறிமுறையில் இல்லை. பல பழைய கருவிகள் அதனால் செயலிழந்தன. நிற மேலாண்மைக்கான அதன் பொது நெறிமுறை 2025 பிப்ரவரியில் இடம்பெற்றது. நிற அளவீட்டுக் கருவி உள்ளவர்கள் எந்த இயங்குதளத்திலும் திரையை அளந்து விவரக்கோப்பு உண்டாக்க முடியும்.

கருவி இல்லாதவருக்கும் ஒரு நம்பகமான அளவுகோல் உண்டு. திரைக்கு அருகில், அதே அறை ஒளியில், ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப்போலவே தெரியும்வரை முதலில் பின்னொளியையும், பிறகு சாயலையும் மாற்ற வேண்டும். திரை விளக்குபோல் கூசினால் ஒளி மிகுதி. தாளைவிட மங்கினால் குறைவு. எந்த இயங்குதளத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்; முடிவு சொல்வது கண்.