மலையேறாத சிரிப்பு

மதுரை–போடிநாயக்கனூர் ரயில் 1928-ல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கினார். தற்செயல்தான், என்றாலும் ஏலக்காய் மூட்டைகள் கிழக்கே போகும் தடத்தில் பத்திரிகைக் கட்டுகள் மேற்கே வர வழி பிறந்தது. 1933-ல் எஸ்.வி.வி. விகடனில் தமிழில் எழுத வந்தார். 1880-ல் பிறந்த இந்தத் திருவண்ணாமலை வக்கீல், அதற்கு முன்பே ‘ஹிந்து’வில் ஆங்கில நகைச்சுவைக் கட்டுரைகளால் பெயர் வாங்கியிருந்தார். பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று அவரை ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கோ அவர் எழுத்துகள் வரலாற்று ஆவணங்கள். மிகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவரின் சாட்சி செல்லுமா என்று கேட்கலாம். கணவன் மனைவி வாக்குவாதத்தை அவர் ஊதிப் பெருக்கியிருக்கலாம். ஆனால் எதை விளக்காமலே விட்டுவிடுகிறார் என்று பாருங்கள்: கோர்ட்டு நடைமுறை, கட்சிக்காரரின் இழுத்தடிப்பு, நடுத்தர வீட்டின் கௌரவக் கவலை. விளக்காமலே வாசகர் சிரிப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாசகர் யார் என்பதை எந்தச் சந்தாப் பட்டியலையும்விட இது துல்லியமாகக் காட்டுகிறது.

அப்படியானால் அந்த ரயில் முடியும் போடிக்கு மேலே, குரங்கணி, கொட்டகுடி மலைச்சரிவுகளில் சுமை தூக்கியவர்களைப் பற்றி எஸ்.வி.வி. என்ன சொல்கிறார்? எனக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை. மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்குத் தேயிலை இறங்கியதும், 1924 வெள்ளம் மூணாற்று மலை ரயிலை அடித்துப்போனதும் பதிவாகியிருக்கின்றன. ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த பெண்கள் கங்காணியைக் கேலி செய்து சிரித்தது பதிவாகவில்லை. சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? வக்கீலிடம் தோட்டத்து நகைச்சுவையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பார்கள். அது சரியே. நகைச்சுவையாளருக்குக் கைவருவது அவர் உள்ளிருந்து பார்த்த தொழில்தான். மார்க் ட்வைன் அச்சுக்கூடத்தில் எடுபிடியாக இருந்தவர்; 1859-ல் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்ட உரிமம் பெற்றவர்; பிறகு நெவாடாவின் சுரங்க ஊர்ப் பத்திரிகையில் சம்பளத்துக்கு எழுதியவர். அவர் மேதை, அவரை அளவுகோலாக்கலாமா என்றால், மேதைமை மட்டும் போதாது என்பதற்கே அவர் சாட்சி. உழைப்பாளியின் கிண்டலுக்குக் காசு கொடுக்க அந்தச் சுரங்க ஊரிலேயே ஒரு பத்திரிகை இருந்தது. காய் எடுத்த பெண்ணுக்கு எழுத்தறிவே எட்டாத தூரத்தில் இருந்தது; பத்திரிகையோ சென்னையில். தமிழில் உழைப்பாளியின் கிண்டல் அச்சேறும் கதவு திறக்கத் தாமதமாயிற்று. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட கரிசல் விவசாயி கி.ராஜநாராயணனின் ‘மாயமான்’ சிறுகதை, சர்க்கார் கடனை நம்பிக் கிணறு வெட்டியவனின் கதை, ‘சரஸ்வதி’ இதழில் வந்தது 1958-ல். எஸ்.வி.வி. இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.