ஐந்து நிமிடக் கணக்கும் லயத்து முற்றமும்: 2025 வனவிலங்குக் கணக்கெடுப்பைக் கலஹாவிலிருந்து வாசித்தல்

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8.00 முதல் 8.05 வரை இலங்கையில் நடந்த வனவிலங்குக் கணக்கெடுப்பு பற்றி இதுவரை எழுதியவர்கள் ஏறத்தாழ ஒரே திசையில்தான் சென்றிருக்கிறார்கள். பயிற்சியில்லாத மக்கள் எண்ணினார்கள். சிலர் கண்டதைக் கூட்டினார்கள், சிலர் காணாததையும் எழுதினார்கள். ஆகவே முடிவு மதிப்பற்றது என்பது அவர்கள் தரப்பு. முடிவை ஐயுறுவதில் எனக்கும் உடன்பாடே. காரணத்தில்தான் உடன்பாடில்லை. வீட்டுக்கு ஒரு விலங்கியலாளரை நிறுத்தியிருந்தாலும் பிழை ஏறக்குறைய இதே அளவில் வந்திருக்கும். எண்ணியவரின் அறியாமையிலிருந்து வந்த பிழை அல்ல இது. செங்குரங்கு வாழும் முறையும் மனிதர் குடியிருக்கும் முறையும் சந்திக்கும் இடத்தில் பிறந்தது.

அறிவிக்கப்பட்ட தொகை: செங்குரங்கு 51.7 இலட்சம், மயில் 42.4 இலட்சம், மலை அணில் 26.6 இலட்சம், மந்தி 17.4 இலட்சம். முதல் எண்ணை இலங்கையின் 65,610 சதுர கிலோமீற்றருக்கும் பரப்பினால், கொழும்பு நகரையும் யாழ்ப்பாணத்து வெளிகளையும் சேர்த்தே, ஒரு சதுர கிலோமீற்றருக்கு 79 குரங்குகள். கணக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், சீனாவுக்கு 1,00,000 குரங்குகளை அனுப்பும் பேச்சு எழுந்தபோது அதிகாரத் தரப்பில் சொல்லப்பட்ட குரங்குத் தொகை 30 இலட்சம். செங்குரங்கு உலக அளவில் அழியும் ஆபத்துள்ளதாகப் பட்டியலிடப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணக்கெடுப்பை வடிவமைத்தவர்களின் தருக்கம் எளியது. எல்லாரும் ஒரே ஐந்து நிமிடத்தில் எண்ணினால், ஒரே குரங்கு காலையில் ஒரு தோட்டத்திலும் மாலையில் இன்னொரு தோட்டத்திலும் இருமுறை எண்ணப்படாது. இது சரிதான். ஆனால் ஒரே குரங்கை ஒரே நிமிடத்தில் பலர் பார்ப்பதை இது தடுக்கவில்லை. விமர்சகர்கள் கவனிக்கத் தவறியது இந்த இடத்தைத்தான். கண்டி மாவட்டத்தின் கலஹா, தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பார்த்தால் இது கண்ணில் படாமல் போகாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு காம்பிராக்கள், ஒரே வரிசை, ஒரே முற்றம். கடைசிக் காம்பிராவுக்கு அப்பால் ஒரு பலாமரம். அதில் இருபது குரங்குகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு படிவம் என்றால், பன்னிரண்டு வீட்டாரும் நேர்மையாக எண்ணி நேர்மையாக எழுதியும் 240 வரும். காலைப் பெரட்டு முடிந்து கொழுந்து பறிக்கப் போனவர்களைக் கழித்து, பாதிக் காம்பிராக்களில் முதியவர்களும் பிள்ளைகளும் மட்டும் எண்ணியதாகக் கொண்டாலும் 120. யாரும் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரோடு பேசி ஒதுக்கியிருப்பார்கள் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மரத்தைப் பார்ப்பதா, பக்கத்து வாசலில் விசாரிப்பதா?

குரங்குகள் தனித்தனியே சிதறி வாழ்ந்திருந்தால் இந்தப் பெருக்கல் சிறிதாகவே இருந்திருக்கும். அவை அப்படி வாழ்வதில்லை. 1968 முதல் பொலன்னறுவையில் செங்குரங்கு ஆய்வாளர் வொல்ஃப்கேங் டிட்டஸ் நடத்திவரும் நெடிய ஆய்வு இதை விளக்கப் போதும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுதும் தங்குகின்றன. ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறுகின்றன. நிறைய உணவைக் கண்ட குரங்கு தனியான ஒரு குரலெழுப்புகிறது. சிதறி மேய்ந்துகொண்டிருந்தவை அதைக் கேட்டு அந்த இடத்துக்கு ஓடிவருகின்றன. ஆகவே பழுத்த பலா இருக்கும் முற்றத்தில் கூட்டத்தின் ஒரு பகுதி மட்டுமல்ல, பெரும்பகுதியும் திரண்டு தெரியும். கன்னப்பைகளில் உணவை அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குப் போய் மெல்லும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. கொல்லையில் ஒருவர் கண்ட அதே குரங்கை, இரண்டு நிமிடம் கழித்து மேட்டு லயத்தில் இன்னொருவர் காண்பார். ஐந்து நிமிடம் என்பது நமக்குக் கணம். கன்னம் நிறைந்த குரங்குக்கு அது போதுமான பயணம்.

கூட்டத்துக்குள் நிலவும் படிநிலையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆதிக்கமுள்ள குரங்கு இளையதன் கன்னப்பையிலிருந்தே உணவைப் பிடுங்கி உண்பதை டிட்டஸ் பதிந்திருக்கிறார். அவர் கணித்தபடி, பெண்களில் சுமார் 85 சதவீதமும் ஆண்களில் சுமார் 90 சதவீதமும் வயதுவருமுன்பே இறந்தன. பொலன்னறுவைக் காட்டில் கூட்டத்தின் அளவைக் கட்டிவைத்தது இந்தப் பசிதான். குப்பைமேடும் வீட்டுத்தோட்டமும் பசியைத் தளர்த்தினால் குட்டிகள் பிழைக்கும், தொகை ஏறும். இதை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை. மலையகத்தில் குரங்குத் தொல்லை கற்பனை என்று நான் சொல்வதாக யாரும் வாசிக்க வேண்டாம். தொல்லை கூடியிருக்கிறது என்பது வேறு, 51.7 இலட்சம் என்பது வேறு.

கண்ணில் படாமல் போன குரங்குகள் இந்த மிகையைச் சரிக்கட்டிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. தாயின் வயிற்றைப் பற்றிய குட்டி தெரியாமல் போகலாம், இலைமறைவில் நான்கைந்து ஒளிந்திருக்கலாம். அது ஒவ்வொரு படிவத்திலும் சிலவற்றைக் கழிக்கும். பல வாசல்கள் சேர்ந்து செய்வதோ பெருக்கல். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

வாசல்களே எண்ணிக்கையைப் பெருக்குகின்றன என்பது சரியெனில், பிழை நாடெங்கும் ஒரே சீராக இருக்காது. வீடுகள் நெருங்கிய கண்டி மாவட்டத்தில், அதிலும் லயங்களில், அது பெருகும். வீடுகள் தள்ளித்தள்ளி நிற்கும் உலர்வலயக் கிராமங்களில் சுருங்கும். அதாவது நம்மிடம் இருக்கும் குரங்குக் கணக்கு பாதி வீட்டுக் கணக்கு. இதை வைத்து மாவட்ட வாரியாக ஒதுக்கீடு செய்தால், குரங்கு மிகுந்த இடத்துக்கு அல்ல, வாசல் மிகுந்த இடத்துக்குத்தான் பணம் போகும்.

என் வாசிப்பு சோதிக்கக்கூடியது. மலை அணில் பெரும்பாலும் தனித்துத் திரியும், இலைமறைவில் இருக்கும்; பல வாசல்களுக்கு ஒரே நேரத்தில் தெரியும் வாய்ப்பு குறைவு. மக்கள் பொதுவாகவே மிகைப்படுத்தினார்கள் என்ற பழைய விளக்கம் சரியானால், அணிலும் குரங்கும் லயத்திலும் தனிவீட்டிலும் ஒரே விகிதத்தில் ஊதியிருக்க வேண்டும். நான் சொல்வது சரியானால், தனிவீட்டிலிருந்து லயத்துக்கு வரும்போது குரங்கு எண்ணிக்கை மட்டும் செங்குத்தாக ஏறும், அணில் எண்ணிக்கை அவ்வளவாக அசையாது. படிவங்கள் இன்னும் இருக்குமானால், கணக்கெடுப்பை நடத்திய கமத்தொழில் அமைச்சு அவற்றை முகவரிப் பிரிவுவாரியாக வெளியிடலாம். அடுத்த முறை லயத்துக்கு ஒரு படிவம், அதையும் ஒருவர் மட்டுமே நிரப்புவது என்று வைத்தால் இப்படிப் பிரித்துப் பார்க்கும் செலவும் மிஞ்சும்.