பரவல் பேரேட்டில் ஒருமித்த முடிவு

ஒரே கணக்குப் பேரேட்டின் படிகளைப் பல கணினிகள் தனித்தனியே வைத்திருக்கும்போது, எந்தப் பரிவர்த்தனை செல்லும், எது முந்தையது என்பதில் அவை தலைமையின்றி உடன்படும் முறை ஒருமித்த முடிவு எனப்படும். பிட்காயின் முதலிய பிளாக்செயின் வலையமைப்புகளுக்கு இதுவே அடிப்படை ஆகும்.

சிக்கல்

கணக்கில் 100 ரூபாய் மட்டும் வைத்திருப்பவர் அதை இருவருக்கு அனுப்ப முயன்றால் வங்கி தடுத்துவிடும். வங்கியே இல்லாத வலையமைப்பில், சில கணினிகளுக்கு ஒரு செய்தியும் மற்றவற்றுக்கு இன்னொன்றும் முதலில் சென்று சேரலாம். இது இரட்டைச் செலவு எனப்படுகிறது.

அறிந்தோர் வாக்கு

1982-இல் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகியோர் இதை ஒத்த சிக்கலை ஒரு போர்க்கதையாக விளக்கினர். நகரை முற்றுகையிட்ட தளபதிகள் தூதர் வழியாகவே பேச முடியும். அவர்களுள் துரோகியும் இருக்கலாம். கையொப்பமற்ற செய்திகளை மட்டும் கொண்டு ஒரு துரோகியைச் சமாளிக்கக் குறைந்தது 4 தளபதிகள் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய முடிவு. 1999-இல் மிகேல் காஸ்ட்ரோ, பார்பரா லிஸ்கோவ் இருவரும் நடைமுறைக்கு ஏற்ற விரைவான வாக்களிப்பு முறையை உருவாக்கினர். ஆனால் உறுப்பினர் யார் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். யாரும் சேரக்கூடிய வலையமைப்பில் ஒருவரே ஆயிரம் பெயர்களில் வாக்களித்துவிடலாம்.

அறியாதோர் உழைப்பு

குப்பை மின்னஞ்சலைக் குறைக்க, அனுப்பும் கணினி சிறு கணக்கீடு ஒன்றைச் செய்தாக வேண்டும் என்னும் முறையை 1997-இல் ஆடம் பேக் முன்வைத்தார். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் எழுதியவர் 2008-இல் இதே உத்தியைப் பேரேட்டுக்குப் பயன்படுத்தினார். புதிரை விடுவிக்கும் கணினி அடுத்த கட்டத்தை எழுதும். அதிக உழைப்பு சேர்ந்த சங்கிலியே ஏற்கப்படும். முதல் கட்டம் 2009 சனவரி 3 அன்று உருவானது.

2013 மார்ச்சில் புதிய மென்பொருள் ஏற்ற ஒரு கட்டத்தைப் பழைய பதிப்பு நிராகரித்ததால் பிட்காயின் பேரேடு இரண்டாகப் பிரிந்தது. நிரலாளர்களும் பெரிய அகழ்வோரும் கலந்து பேசிப் பழைய பதிப்புக்குத் திரும்பிய பின்னரே பிளவு நீங்கியது. விதிகள் முரண்பட்டபோது மனிதர்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

புதிர்ப் போட்டி மிகுந்த மின்சாரத்தை விழுங்குகிறது. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று, பிணையாக வைத்த நாணயத்தின் அடிப்படையில் வாக்களிக்கும் முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகளைப் போல ஒருவரையொருவர் அறிந்த உறுப்பினர்களிடையே புதிர்ப் போட்டி தேவையில்லை. வாக்களிப்பு முறையே போதும்.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. கொல்லிமலை தேவனூர் நாட்டு மாணவர் ஒருவரின் சாதிச் சான்றிதழ் இத்தகைய பேரேட்டில் ஏறினால், பின்னர் யாரும் அதை மறைவாகத் திருத்துவது கடினம். ஆனால் பதியும்போதே பெயர் பிழையாக இருந்தால் எல்லாப் படிகளும் அந்தப் பிழையையே ஒருமித்து ஏற்கும். பதிவைச் சரிபார்க்கும் அலுவலரின் பொறுப்பும், திருத்தம் கோரும் வழியும் அப்போதும் தேவை.