போதையின் உடலும் அரசின் கல்லாவும்

2015 அக்டோபர் 30 அதிகாலையில் ம.க.இ.க. பாடகர் கோவன் திருச்சியில் அவர் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ பாய்ந்தது, அதாவது தேசத்துரோகம். கடையைப் பழித்தால் அரசைப் பழித்ததாகும் என்றால், கடையும் அரசும் எப்போது ஒன்றாயின? திருச்சிக்காரன் என்ற முறையில் இந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கிறேன்.

1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது மது வருமானம் திரும்பி வந்தது. ஈடாக வந்த வரி மட்டும் திரும்பிப் போகவில்லை. பிறகு மூடுவதும் திறப்பதுமாகவே காலம் போயிற்று. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் உருவானது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையும் அதன் கைக்குப் போனது. அரசே கல்லாவில் உட்கார்ந்தது. இதை நிர்வகிக்கும் துறையின் பெயரில் 'மதுவிலக்கு' இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. 2011இல் ஸ்ரீரங்கத்தில் வென்று மறுபடி முதல்வரான அதே ஜெயலலிதாவின் ஆட்சியில்தான் கோவன் மீது வழக்கு.

விலக்குவதும் விற்பதும் எதிரெதிர்போலத் தெரிகின்றன. இரண்டிலும் காணாமல் போவது குடிப்பவரின் உடல். 1937 அமைச்சரவையில் சுகாதாரத் துறை ஸ்ரீரங்கத்து மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் இருந்தது. ஆனாலும் மதுவிலக்குச் சட்டம் பேசியது குற்றத்தையும் தண்டனையையும்தான். அன்று குடிப்பவர் குற்றவாளி, இன்று வாடிக்கையாளர். நோயாளியாக அவர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

வருஷக்கணக்கில் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். "காலைல ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்று ஒருவர் சொல்வது திமிர் அல்ல. அவர் நரம்பு பேசுகிறது. 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூடின, மே மாதம் திறந்தன. இடைப்பட்ட வாரங்கள் வருவாய் இழப்பாகப் பேசப்பட்ட அளவுக்கு நடுங்கிய உடல்களின் பாடாகப் பேசப்படவில்லை. வீட்டிலோ, அவர் கூலி கடைக்குப் போக, அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்ணின் கூலிதான்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது அரசுகளின் வழக்கமான வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன.

நம் மேடைகளும் 'குடிகாரன்' என்ற வசைச்சொல்லை விட்டாக வேண்டும். அது ஒழுக்கத்தின் பாஷை. ஆள்பவர்களுக்கு அது வசதி, பழி முழுக்கத் தனிமனிதன் தலையில் விழுந்துவிடும். மூடு என்பது பாதிக் கோரிக்கை. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடிநோய்க்குப் படுக்கையும் மருந்தும் டாக்டரும் கொடு என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.